சீட்டு எழுதாத வைத்தியம்

"எந்த டாக்டர் ஊசி போட்டார்?" என்று கேட்டால் நம் காலனிகளில் கிடைக்கும் பதில்கள் இப்படித்தான் இருக்கும்: பஸ் ஸ்டாண்டு டாக்டர், கண்ணாடிக்கார டாக்டர், பெரிய டாக்டரோட மருமகன். அப்பா காலத்திலிருந்து அவரிடமே போய்வரும் குடும்பத்துக்கும் அவருடைய முழுப்பெயர் தெரியாது. என்ன படித்தவர், பதிவு எண் என்ன என்பதெல்லாம் கேட்கக்கூடிய விஷயம் என்றே யாரும் நினைத்ததில்லை. என்ன மருந்து கொடுத்தார் என்பதும் தெரியாது. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, வெள்ளைத்தாளில் மடித்து, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்று கையில் கொடுத்துவிடுகிறார். ஊசியின் பெயர் ஊசிதான்.

தவறான சிகிச்சையால் பாதிக்கப்பட்டோம் என்று நம்மிடம் வருகிறவர்களில் பலர் வெறுங்கையோடு வருகிறார்கள். சட்டம் இல்லாமல் இல்லை, நீதிமன்றம் இல்லாமல் இல்லை. அங்கே கொண்டுபோய் வைக்க ஒரு துண்டுத்தாள் இல்லை. ஊர்த்தெருக்காரர் போனால் அதே டாக்டர் சீட்டு எழுதுகிறார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறார், "ரெண்டு நாளில் ரிப்போர்ட்டோட வாங்க" என்கிறார். நம்மவர்களுக்கு ஊசியும் பொட்டலமும் போதும் என்று அவருக்கும் பழகிவிட்டது, நமக்கும் பழகிவிட்டது. இதைச் சாதிவெறி என்று ஒரே சொல்லில் முடித்துவிட மாட்டேன். நம் சாதியிலேயே பிறந்து, இட ஒதுக்கீட்டில் படித்து, கிளினிக் வைத்திருக்கும் சிலரும் நமக்குச் சீட்டு எழுதுவதில்லை. கூலிக்காரர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற கணக்கு எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது.

திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் சொல்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர். தமிழ் படித்தவன் என்ற உரிமையில் ஐந்தாவதாகச் சீட்டையும் சேர்த்துக்கொள்கிறேன். வள்ளுவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இரண்டு ரூபாய் கட்டணம்

அண்ணல் அம்பேத்கர் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற சிறு தன்வரலாற்று நூலில் ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். 1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா' இதழில் வந்த கடிதம் அது. கத்தியவார் பகுதியில் ஆசிரியராக இருந்த ஒரு தலித் எழுதியது. அவருடைய மனைவிக்குக் குழந்தை பிறந்த இரண்டாம் நாள் உடம்புக்கு முடியாமல் போகிறது. மூச்சு வாங்குகிறது, விலா வலிக்கிறது. டாக்டரைக் கூப்பிட்டால் சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார். ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கெஞ்சி, ஒருவர் இரண்டு ரூபாய் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு, சேரிக்கு வெளியில் வைத்துத்தான் பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு வருகிறார். பிரசவித்த இரண்டு நாளில் அந்தப் பெண்ணைச் சிசுவோடு வெளியே தூக்கிவருகிறார்கள். டாக்டர் வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார், அவர் கணவனிடம் கொடுக்கிறார், கணவன் மனைவிக்கு வைக்கிறார். திரும்பவும் அதே வழியாக டாக்டர் கைக்குப் போகிறது. விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிமோனியா என்று சொல்லி மருந்து அனுப்பிவைக்கிறார். அடுத்த முறை வந்து பார்க்க மறுத்துவிடுகிறார், இரண்டு ரூபாயைக் கொடுத்த பிறகும். அந்தப் பெண் இறந்துபோனார்.

தீண்டாமைக்குச் சான்றாகத்தான் இதைப் பலரும் எடுத்துச் சொல்கிறோம். நான் அந்த இரண்டு ரூபாயைப் பற்றி யோசிப்பேன். அவர் கட்டணம் வாங்கினார். கட்டணம் வாங்கிக்கொண்டு நோயாளியைத் தொடாமல் நோயைச் சொன்னார், பிறகு கைவிட்டார். இன்றைய சட்டத்தில் இது இரண்டு தனித்தனி வழக்கு. சாதியைக் காரணமாக வைத்து மருத்துவமனைக்குள்ளோ கிளினிக்குக்குள்ளோ விடாமல் தடுப்பது, 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். அது காவல் நிலையத்தில் தொடங்கும் வழக்கு. பணம் வாங்கிக்கொண்டு கவனக்குறைவாகச் சிகிச்சை செய்தது சேவைக் குறைபாடு. அது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழக்கு. நம் தோழர்கள் பல நேரங்களில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, சாதிச் சான்று எதுவும் இல்லாத இடத்தில் வன்கொடுமை வழக்குக் கேட்டு அலைந்து, நுகர்வோர் வழக்குக்கான இரண்டு ஆண்டுக் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

ஒரு காலும் ஒரு ஜி-பே கணக்கும்

திண்டிவனம் பக்கத்துக் காலனி ஒன்றில் ஆறு வயதுப் பெண்பிள்ளை. சாயங்காலம் காய்ச்சல் என்று வழக்கமான கிளினிக்குக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். வலது பக்க இடுப்பில் ஊசி. பிள்ளை அலறியிருக்கிறது, "ஊசின்னா அழத்தான் செய்யும்" என்று அனுப்பிவிட்டார்கள். காலையில் எழுந்து நடந்தால் பாதம் தொங்குகிறது, விரல் தரையில் இழுபடுகிறது. திரும்பப் போய்க் காட்டினால் ஒத்தடம் கொடு என்கிறார். இரண்டு வாரம் ஒத்தடம் கொடுத்தார்கள்.

புட்டத்தில் போடும் ஊசி இடம் தவறினால் காலுக்குப் போகும் பெரிய நரம்பைத் தாக்கும். மருத்துவ மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரப்படும் எச்சரிக்கை இது. புட்டத்தை நான்காகப் பிரித்து மேல்புற வெளிக்கால் பகுதியில் போட வேண்டும், சதைப்பற்றில்லாத சின்னப் பிள்ளைகளுக்குத் தொடையில் போடுவது பாதுகாப்பு. அதோடு, சாதாரணக் காய்ச்சலுக்கு ஊசியே தேவையா என்பது முதல் கேள்வி. ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை என்று நம் தெருவில் ஒரு எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணத்தை நமக்குள் வளர்த்தவர்களும் இந்தக் கிளினிக்குகள்தான்.

அந்தத் தாய் என்னிடம் முதலில் சொன்னது புகார் இல்லை. "அவரு நம்ம டாக்டருண்ணா. ராத்திரி பன்னெண்டு மணிக்குக் கதவத் தட்டினாலும் தெறப்பாரு. காசு இல்லன்னாலும் அப்புறம் குடும்மான்னு சொல்லுவாரு. அவரு மேல எப்பிடிண்ணா கேசு போடறது?" இதற்குச் சுலபமான பதில் கிடையாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையம் சாயங்காலம் ஆளில்லாமல் கிடக்கும் ஊரில், கடனுக்கு வைத்தியம் பார்க்கும் ஒருவரை இழப்பது காலனிக்கே நஷ்டம். தெருவிலேயே நான்கு பேர் அந்தத் தாயிடம், "நீ கேசு போட்டா நாளைக்கி எங்க புள்ளைக்கி யாரு பாப்பாங்க?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

அவரது மனதை மாற்றியது நானில்லை, டாக்டர். பிள்ளையின் கால் விஷயமாகப் பேசப்போன உறவினர்களிடம் அவர், "இந்தப் பிள்ளையை நான் பார்க்கவே இல்லையே" என்று சொல்லிவிட்டார்.

சீட்டு இல்லை, ரசீது இல்லை. ஆனால் தேடியபோது மூன்று கிடைத்தன. ஒன்று, அன்று மாலை டாக்டர் எண்ணுக்கு ஜி-பேயில் அனுப்பிய இருநூறு ரூபாய், தேதியும் நேரமும் சேர்ந்து. இரண்டு, கிளினிக்கை ஒட்டிய மருந்துக்கடையில் வாங்கிய சிரப்புக்கான பில். அதில் டாக்டர் பெயருக்கான இடத்தில் அவர் பெயர் அச்சாகியிருந்தது. மூன்றாவதுதான் முக்கியமானது. புதுச்சேரி ஜிப்மரில் முதல் நாள் பார்த்த மருத்துவர், எப்போது, எதற்குப் பிறகு கால் இப்படி ஆனது என்று தாய் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருந்தார். பின்னர் எடுத்த நரம்புப் பரிசோதனையும் அதோடு பொருந்தியது. ஜிப்மர் சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தும் பழக்கம் நம் பெண்களுக்கு இருக்கிறது. அந்தப் பழக்கம்தான் வழக்கைக் காப்பாற்றியது. வழக்கு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதுவது முறையல்ல.

எங்கே போவது

1995-ல் இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவைதான் என்று தீர்ப்பளித்தது. வி.பி.சாந்தா வழக்கு என்று வழக்கறிஞர்கள் சொல்வார்கள். 2019-ல் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அதில் மருத்துவம் என்ற சொல் இல்லை, ஆகவே டாக்டர்கள் தப்பித்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. மும்பை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, 2022-ல் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. எனவே கிளினிக் வழியாகத்தான் அனுப்பினாலும், "டாக்டர் மேலெல்லாம் அங்க போட முடியாது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். டாக்டருக்குக் கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இருநூறு ரூபாய் கொடுத்தவர்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம் என்று சட்டம் சொல்கிறது. மருத்துவ வழக்கில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் வேறு வேலை செய்கிறது. அங்கே புகார் கொடுத்தால் டாக்டரைக் கண்டிக்கலாம், பதிவிலிருந்து பெயரைத் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ நீக்கலாம். நஷ்டஈடு ஒரு ரூபாய்கூட வாங்கித் தர முடியாது. இருந்தாலும் அங்கேயும் கொடுப்பது நல்லது. 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி ஒவ்வொரு டாக்டரும் தன் பதிவு எண்ணைக் கிளினிக்கில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். மருந்துச் சீட்டிலும், சான்றிதழிலும், பண ரசீதிலும் எழுத வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். ஆகவே சீட்டுக் கேட்பது சலுகை கேட்பது அல்ல. வாயால் கேட்டு மறுத்தால், எழுதித் தபாலில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். தர மறுத்தார் என்பதே பிறகு நமக்குச் சாட்சியாகும்.

பதிவு எண்ணைத் தேடப்போய், அந்த ஆள் டாக்டரே இல்லை என்று தெரியவந்தால் விஷயம் வேறு. மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமும் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்க வேண்டும். படித்தது ஒரு வைத்தியமுறை, கொடுப்பது இன்னொன்று என்பதும் உண்டு. 1992-ல் மும்பையில் காய்ச்சலோடு போன ஒருவருக்கு, ஹோமியோபதி மட்டும் படித்தவர் முதலில் வைரஸ் காய்ச்சல் என்றும் பிறகு டைபாய்டு என்றும் அலோபதி மருந்துகளைக் கொடுத்தார். நோயாளி சில நாளில் இறந்தார். அவருடைய மனைவி பூனம் வர்மா தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், தான் படிக்காத முறையில் மருந்து கொடுத்ததே கவனக்குறைவுதான் என்று சொல்லி 3 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. மக்கள் தினமும் போகிற சாதாரண டாக்டர் தொடர்பான தீர்ப்பு என்பதால் இதை நம் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லா மரணமும் கவனக்குறைவு அல்ல. சாதாரணத் திறமையுள்ள ஒரு டாக்டர் அந்தச் சூழ்நிலையில் செய்திருக்கக்கூடியதைச் செய்தாரா என்றுதான் ஆணையம் பார்க்கும். சிகிச்சை பலிக்கவில்லை என்பது மட்டும் போதாது. இன்னொரு மருத்துவரின் கருத்து பெரும்பாலும் தேவைப்படும். ஒரு டாக்டருக்கு எதிராக இன்னொரு டாக்டர் எழுதித் தருவது எவ்வளவு அபூர்வம் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும். பார்த்த மாத்திரத்தில் தவறு தெரியும் வழக்குகளில் நிபுணர் கருத்துக் கட்டாயமில்லை என்று 2010-ல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது மலேரியா நோயாளிக்கு டைபாய்டு மருந்து கொடுத்த வழக்கு. குற்ற வழக்கு இதைவிடக் கடினம். 2005-ம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு, மிகப்பெரிய கவனக்குறைவு என்பதற்கு வேறொரு மருத்துவரின் கருத்து இல்லாமல் போலீஸ் எளிதில் வழக்குப் பதியாது.

மரணம் என்றால் போஸ்ட்மார்ட்டம் வேண்டும். "செத்த உடம்ப அறுக்காதீங்க" என்று வீட்டுப் பெரியவர்கள் அழுவார்கள். சாயங்காலத்துக்குள் எடுத்துவிடலாம் என்று ஊர்க்காரர்கள் அவசரப்படுத்துவார்கள். சில நேரம் அந்த அவசரம் டாக்டர் தரப்பிலிருந்தே வரும், ஆம்புலன்ஸ் செலவையும் அவர்களே ஏற்பார்கள். அடக்கம் முடிந்த மறுநாள் வந்து, ஊசியால்தான் செத்தார் என்றால் எந்த ஆணையத்திலும் எடுபடாது. முதலில் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துப்போவதுதான் வழி.

அரசு மருத்துவமனையில் நடந்த தவறு என்றால் நுகர்வோர் சட்டம் பெரும்பாலும் உதவாது. எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் சேவை அதற்குள் வராது. காப்பீடு பணம் கட்டிய தனியார் மருத்துவமனைச் சிகிச்சை இலவசம் ஆகாது, அங்கே வழக்குண்டு. அரசு மருத்துவமனைக்கு எதிராக மனித உரிமை ஆணையம், உயர் நீதிமன்றம் என்ற வழிகள் இருக்கின்றன. மேற்கு வங்கத்தில் 1992-ல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கிம் ஷேக்கை ஒவ்வொரு அரசு மருத்துவமனையாகத் திருப்பி அனுப்பினார்கள். அவர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்தவர். சங்கமே உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-ல் 25,000 ரூபாய் கிடைத்தது. அவசர சிகிச்சை மறுப்பது உயிர்வாழும் உரிமையை மறுப்பது என்ற தீர்ப்பும் கிடைத்தது. தனி ஆள் போயிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது.

வெள்ளைத்தாள்

சம்பவம் நடந்த நான்கைந்து நாளில் ஒருவர் வருவார். முன்னாள் கவுன்சிலராக இருப்பார், ரியல் எஸ்டேட் செய்கிறவராக இருப்பார், சில சமயம் நம் தெருக்காரராகவே இருப்பார். "கோர்ட்டு கேசுன்னு எத்தன வருஷம் அலைவீங்க? முப்பதாயிரம் வாங்கித் தரேன், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க." அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக்காட்ட மாட்டார்கள். தவறு எதுவும் நடக்கவில்லை, எந்தப் புகாரும் இல்லை என்றுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். சமரசம் கூடாது என்று நான் சொல்லவில்லை. காரியத்துக்குக் காசில்லாத குடும்பத்திடம் அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. வாங்கும் தொகை எதற்கு என்று தெளிவாக எழுதி, வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்த்த பிறகு கைநாட்டு வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நம் இளைஞர்களுக்கும் ஒன்று. கோபத்தில் கிளினிக் கண்ணாடியை உடைத்தால் மறுநாளே வழக்குத் திரும்பிவிடும். மருத்துவமனைகளைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-ல் வந்த சட்டம் கடுமையானது, பிணையில் வருவது எளிதல்ல. பிள்ளையை இழந்த தகப்பன் வேலூர் சிறையில் இருக்க, டாக்டர் புகார்தாரர் ஆகிவிடுவார். பிறகு சமரசத்தின் விலை முப்பதாயிரம்கூட இருக்காது, "நீ கேச வாபஸ் வாங்கு, நாங்களும் வாங்கறோம்" என்பதோடு முடிந்துவிடும்.

நஷ்டஈட்டுத் தொகையை என்னவென்று கேட்பது? கொல்கத்தாவில் நடந்த தவறான சிகிச்சையால் இறந்த அனுராதா சாகாவுக்காக 2013-ல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. அவர் அமெரிக்காவில் வாழ்ந்தவர், அவர் சம்பாதித்திருக்கக்கூடிய வருமானமும் அந்தக் கணக்கில் இருந்தது. நாற்று நடப் போகும் பெண்ணுக்கு அதே கணக்கைப் போட்டால் என்ன வரும்? சாதி நமக்குக் குறைத்துக் கொடுத்த கூலியை வைத்தே, சாவுக்கும் விலை குறைகிறது. அதனால் மனுவில் கூலியை மட்டும் எழுதாதீர்கள். வீட்டில் அவள் செய்த வேலை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜிப்மருக்குப் போன ஒவ்வொரு நாளும் தாய் இழந்த நூறு நாள் வேலை, பஸ் செலவு, காலுக்குக் கட்டும் பட்டையை வளர வளர மாற்றும் செலவு, விட்டுப்போன பள்ளிக்கூடம், வாழ்நாள் முழுக்கத் தொடரும் ஊனம், மன வேதனை என்று தனித்தனியாக எழுத வேண்டும். எழுதாததை எந்த ஆணையமும் தானாகக் கொடுக்காது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று நிறுத்த வேண்டியதில்லை. 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் எல்லோருக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. சாதிச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், கையில் இருக்கும் எல்லா மருத்துவத் தாள்களின் நகல், நடந்ததைத் தேதிவாரியாக எழுதிய ஒரு பக்கம், இவற்றோடு போங்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். 15100 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டு நெருங்கிக்கொண்டிருந்தால், தாள் எல்லாம் சேரட்டும் என்று காத்திருக்காமல் மனுவை முதலில் போட்டுவிடுங்கள், மீதி ஆவணங்களைப் பிறகு அனுமதி கேட்டுச் சேர்க்கலாம்.